சிவப்பு வில்லைகள் எங்கே போயின?

காலை மணி பத்து.

மாநகராட்சி அதிகாரி பெட்டியைக் கவிழ்த்தார். மேஜை மேல் சடசடவென்று பச்சையாகக் கொட்டியது. இன்னும் கொட்டியது. அதுவும் பச்சை. நடுநடுவே, வீடு மாறி விருந்துக்கு வந்துவிட்டவர்கள் மாதிரி கொஞ்சம் சிவப்பு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான்.

மருத்துவமனை முற்றத்தில் கூடியிருந்த கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்புறம் வெடித்தது.

"பித்தலாட்டம்!"

"எங்க வீட்ல நாலு பேரும் சிவப்பைத்தான்யா போட்டோம்! அதெல்லாம் எங்க? ஆவியாயிடுச்சா?"

விஷயம் இதுதான். நகரம் நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போகிறது. கிழக்குப் பக்கம், நேற்றுவரை முள் மண்டிக் கிடந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் தலைதூக்கி நிற்கின்றன. அத்தனை பேருக்கும் இருப்பது இந்த ஒரு மருத்துவமனைதான். இதுவும் மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடும். உள்ளே வார்டில் படுத்திருப்பவர்களுக்கு ஒரு நர்ஸ், வாசலுக்கு ஒரு காவலாளி. இரவுக்கு அவ்வளவுதான் ஆள்பலம். வெளியிலிருந்து யாராவது அவசரம் என்று வந்தால், பாலத்தைத் தாண்டி நகரத்தின் மறுகோடிக்கு ஓட வேண்டியதுதான். பாலத்தில் லாரிகள் நிற்கும் வரிசையைப் பார்த்தால் நல்ல உடம்புக்காரனுக்கே நெஞ்சு வலி வந்துவிடும்.

மக்கள் போராடினார்கள். மாநகராட்சி இறங்கி வந்தது. மருத்துவ சேவை திருப்தியா இல்லையா என்று மக்களே சொல்லட்டும் என்றது. ஒரு வாரம், வெளியே போகிற ஒவ்வொருவரும் தட்டி மறைவுக்குப் பின்னால் போய் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் வில்லையைப் போட வேண்டும். திருப்தி என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு ஜெயித்தால் இரவு அவசரப் பிரிவு வரும். பச்சை ஜெயித்தால் ஆறு மணிக் கதவு அப்படியே இருக்கும்.

இப்போது பச்சை ஜெயித்துவிட்டது. அதை நம்ப அந்த முற்றத்தில் ஒருத்தர்கூட இல்லை.

இது பெரிய அடியாக விழுந்தது போலீஸ் இன்ஸ்பெக்டருக்குத்தான். நேற்று மாலை, இதே கூட்டத்தின் கண்முன்னால் அந்தத் தகரப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டவள் அவள். பூட்டு அவளே கடையில் வாங்கியது. இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அது போதாதென்று, காயத்துக்குக் கட்டுப் போடும் அறையிலிருந்து அகலப் பிளாஸ்டர் வாங்கி, மூடியும் வில்லை போடும் துளையும் மறையும்படி குறுக்கே ஒட்டினாள். அதன் மேல் பெரிய டாக்டர் ஒரு கையெழுத்து, குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒரு கையெழுத்து. நுனி எது என்று தடவித் தேட வேண்டிய அளவுக்கு, ஓரங்களைக் கட்டை விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டாள். பிறகு பெட்டியை மருந்து அறைக்குள் வைத்து, அந்த அறையையும் பூட்டச் சொன்னாள்.

காலையில் அறை பூட்டியபடி இருந்தது. பெட்டியும் பூட்டியபடி இருந்தது. கையெழுத்து இரண்டும் கீறல் படாமல் இருந்தன. அதிகாரி பிளாஸ்டரின் மடிந்த நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தார், இன்ஸ்பெக்டர் கொடுத்த சாவியால் திறந்தார், கவிழ்த்தார். அதற்குள் எப்படி நுழைந்தான் திருடன்?

சங்கத் தலைவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். நெருக்கடியில் மாட்டிக்கொண்ட பேருந்துக்கு ஹாரனே தேவையில்லை, இவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினால் போதும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்களாம். அதனால் பெயரே ஹாரன் என்று ஆகிவிட்டது.

"என் பொண்டாட்டி இந்த வாசல்லதான் மூச்சுக்குத் தவிச்சா!" என்று கத்தினார். "கதவு தெறக்கல. பாலத்து மேல, என் மடியிலேயே போயிட்டா. மூணு மாசமா நாயா அலைஞ்சேன், இந்த ஒரு பெட்டிக்காக! எவன்டா கை வெச்சது?"

ஆத்திரத்தில் இறங்கிவந்து பெட்டியை உதைத்தார், தூக்கினார், திருப்பினார். தகர விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் சொட்டியது.

"காட்டுங்கய்யா கையை" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் பெரிய சிஸ்டர். அந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ். இன்ஸ்பெக்டரின் சொந்த அக்கா. காயத்தைத் துடைத்து, பஞ்சு வைத்து, துணி சுற்றி, பிளாஸ்டர் கிழித்து ஒட்டி முடிப்பதற்குள் ஹாரனின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"உன் கை பட்டாலே வலி போயிடுது மகளே" என்றார்.

போராட்டத்தின் முதல் நாளிலிருந்து அவர் பக்கத்தில் நின்றவள் அவள். வேலை செய்கிற இடத்துக்கு எதிராகவே நிற்கிறாளே என்று டாக்டர்கள் முறைத்தார்கள். அவள் அசரவில்லை. ஹாரனின் மனைவிக்காக அவரைவிட அதிகமாக அழுதவள் என்று குடியிருப்பில் பேச்சு.

இன்ஸ்பெக்டருக்கு அக்காவைப் பார்க்கையில் எப்போதும் நெஞ்சு நிமிரும். அம்மா போனபின் தாயாக நின்றவள் அவள்தான். அக்கா பின்னிய சடையோடு பள்ளிக்கூடம் போனவள் இன்று இன்ஸ்பெக்டர். இருவரும் இன்னமும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இன்று காலைகூட, இரவு வேலை முடிந்து வந்த அக்கா கண்ணைக்கூட மூடாமல் தங்கையின் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். பையிலிருந்த விசில், பேனா, சாவி வளையம் எல்லாம் வழக்கம்போல மேஜை மேல் வரிசையாக இருந்தன. பிறகு, "பெட்டி தெறக்கறதை நான் பார்க்காம யாரு பார்ப்பா?" என்று தங்கைக்குப் பின்னாலேயே கிளம்பி வந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தினாள். "எல்லாரும் அப்படியே இருங்க. இவ்வளவு சிவப்பு வில்லை காத்துல கரைஞ்சிருக்காது. இங்கதான் எங்கேயோ இருக்கு. கண்டுபிடிக்காம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

மணி பத்தே முக்கால்.

காவலர்கள் மருத்துவமனையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். அழுக்குத் துணி மூட்டைகளை அவிழ்த்தார்கள். கை விடக்கூடிய இடத்திலெல்லாம் கை விட்டுத் துழாவினார்கள். வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதித்தார்கள். ஒரு சிவப்புகூடச் சிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மருந்து அறைக்குள் போனாள். ஜன்னல் கம்பி அசையவில்லை. கதவுப் பூட்டில் நெம்பிய தடம் இல்லை. மூலையில், மிச்ச வில்லைகள் வைக்கும் இரண்டு சாக்குப் பைகள் கிடந்தன. வாரம் முழுக்கத் தட்டி மறைவிலிருந்த சிவப்புக் கிண்ணத்தைத்தான் நிரப்பி நிரப்பிக் கை ஓய்ந்தது என்று நேற்று ஹாரன் பூரித்துப்போய்ச் சொன்னார். பச்சைப் பை வாய் பிதுங்கி நின்றதை அவளும் பார்த்தாள். இன்று அந்தப் பச்சைப் பை, சாப்பிடாத வயிறாக ஒட்டிக் கிடந்தது.

ஆக, பெட்டிக்குள் வந்த பச்சை இங்கேயிருந்துதான் போயிருக்கிறது. மாற்றியது இந்த அறைக்குள்ளேயே, ராத்திரியில், நிதானமாக.

பெரிய டாக்டரை வரச் சொன்னாள். மாலை ஆறு மணிக்கு மேல் அவருடைய சொந்தக் கிளினிக்கில் விளக்கு எரியும் என்பது ஊருக்கே தெரியும்.

"ராத்திரி எங்க இருந்தீங்க டாக்டர்?"

"கிளினிக்ல. அப்புறம் வீட்ல."

"இங்க ராத்திரிப் பிரிவு வந்தா உங்க கிளினிக்ல கூட்டம் குறையும்."

"குறையும். அதுக்காக ராத்திரி வந்து உக்காந்து பிளாஸ்டிக் வில்லை பொறுக்குவேன்னு நெனைக்கிறீங்களா?"

"இந்த ரூம் சாவி?"

"டியூட்டி நர்ஸ்கிட்ட ஒண்ணு, காவலாளிகிட்ட ஒண்ணு. எனக்கு இந்த ரூம்ல எந்த மருந்து எங்க இருக்குன்னே தெரியாது இன்ஸ்பெக்டர். நாங்க எழுதிக் குடுப்போம். எடுக்கிறது, கட்டுறது, ஒட்டுறது எல்லாம் சிஸ்டருங்க வேலை."

சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்ட தன் விரலையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பயந்த ஆள்தான், ஆனால் பொய் சொல்கிற பயம் அதில் இல்லை.

அடுத்தது காவலாளி. ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பதாகச் சொல்லிக்கொள்வான். அதனால் ஆந்தை என்று பெயர். அவன் குறட்டையைக் கேட்டவர்கள்தான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

"ராத்திரி யாராவது உள்ள வந்தாங்களா?"

"ஈ, காக்கா வரலைங்கம்மா."

"உன் சாவி?"

"இடுப்புலயே இருந்துச்சு. இதோ பாருங்க."

"தூங்கினியா?"

"நானா! கண்ணு அசந்திருக்கலாம். அதுக்குப் பேரு தூக்கமா?"

"பெரிய சிஸ்டர் எங்க இருந்தாங்க?"

"வார்டுலதான். அவங்க வார்டை விட்டு அசையவே மாட்டாங்க. எந்த ராத்திரியைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேங்க."

"நான் நேத்து ராத்திரியைத்தானே கேட்டேன்?"

ஆந்தையின் முகம் சுருங்கியது. "அதாங்க, நேத்து ராத்திரியும்" என்று இழுத்துவிட்டு, யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தான். யாரும் கூப்பிடவில்லை.

இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

மணி பதினொன்றரை.

"சாப்பிட்டியா குட்டி?" என்றபடி டீயோடு வந்தாள் அக்கா. தங்கை சீருடையில் இருந்தாலும், எதிரே எந்தக் குற்றவாளி நின்றாலும், அவள் முதலில் கேட்பது இதைத்தான்.

"உக்காருக்கா. விசாரணை."

"என்னையுமா?" அக்கா சிரித்தாள். "சரி, கேளு."

"ராத்திரி இந்த ரூமுக்கு வந்தியா?"

"ரெண்டு தடவை. ஒரு கெழவருக்குக் காய்ச்சல், மருந்து எடுத்தேன். பெட்டி வெச்ச எடத்துலதான் இருந்துச்சு."

"சத்தம் ஏதாவது?"

"ஆந்தையோட குறட்டை. வேற ஒண்ணும் இல்ல." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரை விட்டுடாத குட்டி. அவரோட கிளினிக்குக்காக எதையும் செய்வாரு. பூட்டுக்குக் கள்ளச்சாவி போடறது பெரிய வித்தையா?"

"போட்டிருக்கலாம்" என்றாள் இன்ஸ்பெக்டர். அவள் மனதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் நேற்று சாயங்காலம் வாங்கிய புதுப் பூட்டு அது. அந்தச் சாவியை யாரும் கையில்கூட எடுக்கவில்லை. பார்க்காத சாவிக்குக் கள்ளச்சாவி எப்படிப் போடுவது?

டீ ஆறிப்போனது. செல்போன் அடித்தது. திரையில் படம் மின்னியது. பதவி உயர்வு கிடைத்த அன்று ஓட்டலில் எடுத்தது. நடுவில் கேக். கேக்குக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அக்கா. அக்காவுக்கு மேலே விசேஷ உடை, காலில் டியூட்டிக்குப் போடும் வெள்ளை ஷூ. அந்த ஷூவை வைத்து வாரக் கணக்கில் கேலி செய்திருக்கிறாள். முற்றத்தில் காத்திருந்த அதிகாரிதான் கூப்பிட்டார். மாலைக்குள் திருடனைக் காட்டாவிட்டால் பச்சையே முடிவாகிவிடும் என்றார்.

மணி பன்னிரண்டரை.

நடையில் பெஞ்சு மேல் ஹாரன் உட்கார்ந்திருந்தார். சத்தம் எல்லாம் வடிந்து, வெறும் வயதான மனிதராக இருந்தார்.

"வாம்மா" என்று இடம் விட்டார். "இன்னைக்கும் தோத்துட்டேன் பாரு. அவ போன மறுநாள் உன்கிட்ட புகார் குடுக்க வந்தேன், ஞாபகம் இருக்கா? நான் அழுதுக்கிட்டு நிக்கறேன், உன் மேஜை மேல பூங்கொத்து. முந்தின நாள்தான் உனக்குப் பதவி கூடிச்சுன்னாங்க. ஒருத்தருக்குச் சிரிப்பு, ஒருத்தருக்கு அழுகை. எல்லாம் ஒரே நாள்ல."

"ஞாபகம் இருக்குய்யா."

"முந்தாநாள்தான் அதிகாரி சொன்னாரு. சிவப்பு ஜெயிச்சா முதல்ல ஒரு விசாரணை. ராத்திரி கதவைத் தட்டித் திரும்பிப் போனவங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேப்பாங்களாம். அன்னைக்கு டியூட்டில யாரு, ஏன் தெறக்கலன்னு. என் பொண்டாட்டி போன ராத்திரியையும் தோண்டியிருப்பாங்க. நான் அதைக் கேக்கணும்னுதான் உயிரோட இருக்கேன். இப்போ அதுவும் போச்சு."

பேசிக்கொண்டே உள்ளங்கைக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஏன்யா அவுக்கறீங்க?"

"இறுக்குதும்மா. கொஞ்சம் தளர்த்திக்கறேன். உங்க அக்கா ஒட்டினா கழட்டறதுக்குக் கஷ்டமே இல்ல, பாரு. நுனியைக் கொஞ்சம் உள்பக்கமா மடிச்சு விட்டுடும். புடிச்சு இழுத்தா வந்துடும். என் பொண்டாட்டி கால்ல புண்ணு வந்தப்பவும் இப்படித்தான் ஒட்டுச்சு. ஒட்டும்போதே கழட்டறதைப் பத்தி யோசிக்கிற பொண்ணு."

பிளாஸ்டரின் நுனி நகக்கண் அளவுக்கு மடிந்து, காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அதையே உற்றுப் பார்த்தாள்.

எழுந்து முற்றத்துக்குப் போனாள். உரித்த பிளாஸ்டரை அதிகாரி பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டிருந்தார். எடுத்துப் பார்த்தாள். அதே நகக்கண் அளவு. அதே காது. நேற்று நுனியே தெரியாதபடி நகத்தால் தேய்த்துவிட்டதை அவளுடைய கட்டை விரலே இன்னும் மறக்கவில்லை. காலையில் அதிகாரி மடிந்த நுனியைப் பிடித்து இழுத்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டாள்.

அவள் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. மடிப்புக் கலையாத, அக்கா தேய்த்த சட்டை. நேற்று இரவு அதைக் கழற்றிக் கொடியில் போட்டபோது சாவி அதற்குள்தான் இருந்தது. அக்கா அதற்குப் பிறகுதான் வேலைக்குக் கிளம்பினாள். காலையில் சாவி மேஜை மேல் இருந்தது. நடுவே அது எங்கே இருந்தது என்று இத்தனை நேரம் அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் யார் சாவியை எண்ணுவார்கள்?

வேண்டாம் என்று மனது கெஞ்சியது. தப்பாகப் போகட்டும், என் கணக்கு தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே அவள் கடைசிக் கேள்விக்கு வந்தாள். சிவப்பு வில்லைகள் எங்கே? கை விடக்கூடிய இடத்திலெல்லாம் தேடியாயிற்று. அப்படியென்றால் மிச்சம் இருப்பது, யாரும் கை விடவே மாட்டாத இடம்.

காலையில் அவள் ஜீப்பை நிறுத்தியபோது, துப்புரவு வேலைக்கார அம்மா ஒரு மஞ்சள் வாளியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். போட்ட ஊசிகளைப் போடுகிற வாளி. "வெறும் ஊசி இப்படிக் கனக்குமா? என் இடுப்புதான் போச்சு!" என்று திட்டிக்கொண்டே போனாள். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

பின்கட்டில் வண்டி உறுமும் சத்தம் கேட்டது. மருத்துவக் கழிவை எரிக்கக் கொண்டுபோகிற வண்டி.

இன்ஸ்பெக்டர் ஓடினாள்.

மணி ஒன்று.

"வண்டியை நிறுத்து! அந்த வாளியை இறக்கு!"

சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். டாக்டர், அதிகாரி, ஆந்தை, கையில் தளர்ந்த கட்டோடு ஹாரன். கடைசியாக அக்கா வந்தாள். வாளியைப் பார்த்ததும் சுவரோடு நின்றுவிட்டாள்.

தடித்த கையுறை போட்டு, இடுக்கியால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறு தட்டில் போடச் சொன்னாள் இன்ஸ்பெக்டர். மேலே ஒரு சாண் ஊசி. அதற்குக் கீழே சிவப்பு. வாளி முழுக்கச் சிவப்பு.

கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. சந்தோஷமா கோபமா என்று அதற்கே தெரியவில்லை.

"யாரும்மா?" என்றார் ஹாரன்.

இன்ஸ்பெக்டர் பேச ஆரம்பித்தாள்.

"பூட்டை யாரும் உடைக்கல. சாவி போட்டுத்தான் தெறந்தாங்க. சாவி என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. அப்படின்னா ஒண்ணு நான், இல்லேன்னா என் சட்டையைத் தொடறவங்க. பிளாஸ்டரைக் கிழிக்காம பொறுமையா உரிச்சு, மறுபடியும் அதே எடத்துல ஒட்டியிருக்காங்க. புண்ணு மேல ஒட்டினதை வலிக்காம உரிச்சுப் பழகின கை. திருப்பி ஒட்டும்போது நுனியைக் கொஞ்சம் மடிச்சு விட்டிருக்கு. திருட வந்த எடத்துல அதுக்கு அவசியமே இல்ல. ஆனா அந்தக் கைக்கு அப்படித்தான் ஒட்டத் தெரியும். டாக்டருக்கு ஒட்டவே தெரியாது. ஆந்தைக்கு இந்த வாளியைத் தொடவே பயம். காலையில ஐயாவோட கையில ஒட்டினதையும், பெட்டியில இருந்ததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க."

அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"பெரிய சிஸ்டர், நேத்து ராத்திரி என் சட்டைப் பையிலேருந்து சாவியை எடுத்தது நீங்கதானே?"

பிறந்ததிலிருந்து அக்காவை அவள் 'நீங்க' என்று சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே அக்கா உடைந்துபோனாள். மறுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"பொய்!" என்று கத்தினார் ஹாரன். "இந்தப் பொண்ணு எங்களுக்காக நின்னுச்சும்மா! இது எதுக்கு இப்படிச் செய்யும்?"

"விசாரணைக்குப் பயந்துய்யா" என்றாள் இன்ஸ்பெக்டர். "ஆந்தை! இவரோட மனைவியைக் கூட்டிட்டு வந்த ராத்திரி, டியூட்டி யாருக்கு?"

ஆந்தை தரையைப் பார்த்தான். "பெரிய சிஸ்டருக்குங்க."

"எங்க இருந்தாங்க?"

"வார்டுல..." என்று ஆரம்பித்தவன், இன்ஸ்பெக்டரின் கண்ணைப் பார்த்ததும் அடங்கினான். "இல்லைங்க. வெளிய போயிருந்தாங்க. அரை மணி நேரத்துல வந்துடறேன், யாரு வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுன்னு சொன்னாங்க. அனுப்பிட்டேன்."

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "உள்ள ஆக்ஸிஜன் இருந்துச்சு. டியூட்டி நர்ஸ் ஒரு போன் பண்ணியிருந்தா நான் அஞ்சு நிமிஷத்துல வந்திருப்பேன். அன்னைக்கு எனக்குப் போனே வரல."

கழிவு வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"எனக்குக் கதவு வேணும்னுதான் நெனச்சேன்" என்றாள் அக்கா. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாமல், எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். "சத்தியமா வேணும்னுதான் உங்களோட நின்னேன். அந்தப் பாவத்தை அப்படியாவது கழிச்சுடலாம்னு நெனச்சேன். முந்தாநாள் விசாரணைன்னு சொன்னதும் எனக்குக் கை கால் ஓடல. வேலை போனா போகுது. ஐயா முகத்துல எப்படி முழிப்பேன்னுதான்..."

ஹாரன் அவள் முன்னால் போய் நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்துக் காவலர் ஒருவர் குறுக்கே வந்தார். அவர் அடிக்கவில்லை. ஊரைக் கூட்டுகிற அந்தக் குரல், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"அந்த அரை மணி நேரம் நீ எங்கம்மா இருந்தே?"

அக்கா வாயைத் திறந்தாள். தங்கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். சொல்ல மாட்டாள். நார் நாராகக் கிழித்தாலும் சொல்ல மாட்டாள் என்பது அவளை அறிந்தவளுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய துரோகத்தைச் செய்தவள், இதை மட்டும் தன் தங்கைக்காக விழுங்கிக்கொண்டு நிற்கிறாள். அதுதான் இன்ஸ்பெக்டருக்குத் தாங்கவில்லை.

"எங்கூட இருந்தாங்கய்யா" என்றாள் இன்ஸ்பெக்டர். "எனக்குப் பதவி கூடினதுக்கு ஓட்டல்ல விருந்து. நீ வரலேன்னா நான் கேக்கே வெட்ட மாட்டேன்னு அடம்புடிச்சேன். டியூட்டி இருக்குன்னு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. நானும் கேக்கல. வெள்ளை ஷூவோட வந்து உக்காந்ததைப் பார்த்துச் சிரிச்சேன். மறுநாள் நீங்க புகாரோட வந்தப்ப என் மேஜையில இருந்த பூங்கொத்து, அந்த விருந்துல குடுத்ததுதான்."

தொப்பியைக் கழற்றி அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "இந்த வழக்கை நான் நடத்த முடியாது. வேற ஸ்டேஷனுக்கு மாத்தச் சொல்லி எழுதிடறேன். சாட்சிக்கு நான் வர்றேன்."

சாயங்காலம் சிவப்பு வில்லைகளை மருந்து போட்டுக் கழுவி, எண்ணி முடித்தார்கள். சிவப்புதான் ஜெயித்தது. சந்தேகத்துக்கே இடமில்லாத வெற்றி. இரவுப் பிரிவு வரும் என்று அதிகாரி ஒலிபெருக்கியில் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. ஒருத்தர் இரண்டு பேர் தட்டப் பார்த்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அக்காவை வேறு ஸ்டேஷன் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பி, "கொடியில உன் இன்னொரு சட்டை ஈரமா இருக்கு குட்டி. அப்படியே போட்டுக்காத" என்றாள். இன்ஸ்பெக்டர் பதில் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்பது ஒரு காரணம். என்ன சொல்வதென்றே தெரியாதது இன்னொரு காரணம். என்னை ஏமாற்றினாயே என்று கத்துவதா, என்னால்தானே என்று காலில் விழுவதா?

ஜீப் போனபிறகு, வாசல் படியில் ஹாரன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் உள்ளங்கைக் கட்டு முழுசாக அவிழ்ந்து தொங்கியது. மறுபடியும் கட்டச் சொல்லி அவர் யாரிடமும் கேட்கவில்லை.

"அக்கா முன்னாடியே உங்ககிட்ட வந்து உண்மையைச் சொல்லியிருந்தா, மன்னிச்சிருப்பீங்களாய்யா?"

அவிழ்ந்த கட்டின் நுனியை விரலில் சுற்றினார்.

"தெரியலம்மா. ஒருவேளை மன்னிச்சிருக்க மாட்டேன்." தலை நிமிராமல் சொன்னார். "ஆனா மூணு மாசமா தெனமும் அது கையால டீ வாங்கிக் குடிச்சேன். என் பொண்டாட்டியைப் பத்தி ஒண்ணு விடாம அதுகிட்டதான் சொன்னேன். எப்படிச் சிரிப்பா, எதுக்குக் கோவப்படுவா, கடைசியா பாலத்து மேல என்ன சொன்னா, எல்லாத்தையும். அதையெல்லாம் நான் யார்கிட்ட போய்த் திருப்பி வாங்கறது?"

பின்னால் வாசல் கதவருகே ஆந்தை வந்து நின்றான். மணி ஆறாகியிருந்தது. கதவைச் சாத்தலாமா வேண்டாமா என்று தெரியாமல், தாழ்ப்பாளில் கையை வைத்தபடி அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.